கேப் திராட்சை மலைகளில் மூன்று நாள் சைக்கிள்: எந்தப் பள்ளத்தாக்கில் தங்குவது?

ஏப்ரல் 27 தென்னாப்பிரிக்காவின் சுதந்திர நாள். 2026-இல் அது திங்கட்கிழமையில் வருவதால் சேர்ந்தாற்போல மூன்று நாள் விடுமுறை. டர்பனிலிருந்து என் மைத்துனன் சைக்கிளைப் பெட்டியில் கட்டிக்கொண்டு கேப் டவுன் வருகிறான். கூடவே மாமியாரும் வருகிறார். அவர் சைக்கிள் ஓட்ட மாட்டார். காரில் பின்னால் வருவார், சோறு கட்டிக்கொண்டு வருவார், நாங்கள் மலையிலிருந்து இறங்கும்வரை ஓர் ஊரில் காத்திருப்பார். "எங்கே மாப்பிள்ளை தங்கப்போறோம்?" என்று அவர் போனில் கேட்ட அன்றே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான்கு பேருக்கு நான்கு விதமான தேவை இருக்கும்போது இது சும்மா சொல்லிவிடக்கூடிய பதில் இல்லை. இரண்டு வாரம் யோசித்து, போன ஆண்டுகளில் ஓட்டிய பாதைகளை நினைத்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தேன். இதே யோசனையில் இருப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் யார் யார் என்று சொல்லிவிடுகிறேன். மைத்துனன் ஏற்றத்தில் பலசாலி. டர்பனிலிருந்து உள்நாட்டுப் பக்கம் இருக்கும் ஆயிரம் குன்றுப் பள்ளத்தாக்கில் வாராவாரம் மிதிப்பவன். நான் நிதானமாக 80, 100 கிலோமீட்டர் போவேன். என் மனைவி ரோடு பைக் ஓட்டத் தொடங்கி ஓராண்டுதான் ஆகிறது. சமவெளியில் நன்றாக ஓட்டுவாள், இறக்கத்தில் பக்கத்தில் லாரி வந்தால் பயம். ஆக மலை வேண்டும், ஆனால் வண்டிகள் நெருக்கும் மலை கூடாது. மாமியார் மூன்று மணி நேரம் உட்கார்ந்து பார்க்க ஊரில் ஏதாவது இருக்க வேண்டும்.

கையில் இருந்த இடங்கள் மூன்று. கேப் டவுனுக்குக் கிட்டத்தில் ஸ்டெல்லன்போஷும் ஃபிரான்ஷ்ஹூக்கும். வடக்கே வெலிங்டன், துல்பாக், நடுவில் பெயின்ஸ் க்ளூஃப் மலைப்பாதை. கிழக்கே தள்ளி ராபர்ட்சன், மான்டகியூ.

ஸ்டெல்லன்போஷைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். கேப் டவுனிலிருந்து 50 கிலோமீட்டர். 1679-இல் கேப்பை ஆண்ட டச்சு அதிகாரி சைமன் வான் டெர் ஸ்டெல் நிறுவிய ஊர், அவர் பெயரையே தாங்கியது. டோர்ப் தெருவில் ஓக் மர நிழலில் வரிசையாக வெள்ளைச் சுவர் வீடுகள், முகப்பில் வளைந்து எழும் டச்சு பாணி முக்கோணங்கள். பல்கலைக்கழக ஊர் என்பதால் சைக்கிள் கடைகள் உண்டு. செயின் அறுந்தாலும் பிரேக் கேபிள் போனாலும் அன்றே சரிசெய்து கிளம்பலாம். இது சின்ன விஷயம் இல்லை.

ஊரை விட்டு ஏறினால் ஹெல்ஸ்ஹூக்டே கணவாய். பெயருக்கு நரக மேடு என்று பொருள், ஆனால் நாலைந்து கிலோமீட்டரில் முடிந்துவிடும் ஏற்றம்தான். மேலிருந்து இறங்கும்போது இரண்டு பக்கமும் திராட்சைத் தோட்டம், எதிரே மலைச்சுவர். இறக்கத்தின் அடியில் பெனியேல் என்ற சிற்றூர். அங்கே கொஞ்சம் நிற்க வேண்டும்.

1834-இல் கேப் காலனியில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. ஆனாலும் 'பயிற்சிக்காலம்' என்ற பெயரில் 1838 வரை அவர்களைப் பழைய முதலாளிகளிடமே பிடித்து வைத்திருந்தார்கள். விடுதலை பெற்றவர்கள் குடியேற 1843-இல் உருவான மிஷன் ஊர் பெனியேல். இந்தத் தோட்டங்களில் கொத்து அறுத்தவர்களும் கவாத்து வெட்டியவர்களும் பீப்பாய் உருட்டியவர்களும் ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், இந்தோனேசியத் தீவுகளிலிருந்து மட்டும் வரவில்லை. டச்சு கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் வங்கம், மலபார், சோழமண்டலக் கரைகளிலிருந்தும் ஆட்களைக் கொண்டுவந்தன. அந்தக் கம்பெனியின் சோழமண்டலத் தலைமையிடம் முதலில் பழவேற்காடு, 1690-க்குப் பிறகு நாகப்பட்டினம். கேப் ஆவணங்களில் அடிமைகளின் பெயருக்குப் பின்னால் 'கோரமண்டல்' என்று ஊர்ப்பெயர் போல ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம். அவர்களில் தமிழ் பேசியவர்கள் இருந்திருப்பார்கள் என்று நினைக்காமல் இருக்க என்னால் முடியவில்லை. முதல் தடவை இதை மாமியாரிடம் சொன்னபோது அவர் வெகுநேரம் பேசவில்லை. அவர் குடும்பம் 1860-க்குப் பிறகு சென்னையிலிருந்து நேட்டாலுக்குக் கரும்புக்காட்டு ஒப்பந்தக் கூலியாக வந்தது. "நம்ம ஆளுங்க கரும்புக்குத்தான் வந்தாங்கன்னு நினைச்சேன். அதுக்கு முன்னாடியே திராட்சைக்கும் வந்திருக்காங்களா?" என்றார். அந்த ஊரைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பெனியேலைத் தாண்டி சமதளமாகப் போனால் ஃபிரான்ஷ்ஹூக். ஸ்டெல்லன்போஷிலிருந்து 30 கிலோமீட்டர் சொச்சம். 1688 வாக்கில் பிரான்சிலிருந்து மதத் துன்புறுத்தலுக்குத் தப்பி வந்த ஹ்யூகநாட்டுகள் என்ற புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள் குடியேறிய பள்ளத்தாக்கு; பெயருக்கே பிரெஞ்சுக்காரர் மூலை என்றுதான் பொருள். அதற்கு முன்பு இதை யானை மூலை என்று அழைத்தார்கள். யானைகள் ஏறி இறங்கிய தடத்தை ஒட்டித்தான் மேலே கணவாய்ப் பாதை போகிறது. ஊரில் உள்ள ஹ்யூகநாட்டு நினைவுச்சின்னத்தைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்கி ஏழு கிலோமீட்டர் விடாமல் ஏறி, சுமார் 700 மீட்டர் உயரத்தில் முடிகிறது. மார்ச் மாதம் நடக்கும் 109 கிலோமீட்டர் கேப் டவுன் சைக்கிள் டூர் ஓட்டியவர்களுக்குக் கடைசியில் வரும் சுய்கர்போசி மேடு நினைவிருக்கும். ஏறக்குறைய அதே சாய்வு, நீளம் மட்டும் மூன்று மடங்குக்கு மேல். உச்சியோடு திரும்பிவிடாமல் அந்தப் பக்கம் கொஞ்சம் இறங்கினால் 1823-இல் கட்டிய யான் ஜூபெர்ட்ஸ்காட் கல்பாலம் வரும். நாட்டில் இன்னும் வண்டி ஓடும் கல்பாலங்களில் மிகப் பழையது அது.

இவ்வளவும் இருந்தும் இதை ஏன் முதலிடத்தில் வைக்கவில்லை? வண்டிகள். விடுமுறை நாளில் காலை பத்தரை மணிக்கு மேல் அந்தப் பள்ளத்தாக்குச் சாலையில் ஒயின் சுவைக்க வரும் கார்களும் சுற்றுலா வேன்களும் ஓயாது. மேற்கு கேப் மாகாண விதிப்படி சைக்கிளை முந்தும் வண்டி ஒரு மீட்டராவது விலகிப் போக வேண்டும், சைக்கிளும் ஒற்றை வரிசையில் போக வேண்டும். விதி நல்ல விதி. ஆனால் போன ஆண்டு ஒரு வேன் என் கைப்பிடியை உரசாத குறையாகப் போனதில் என் பின்னால் வந்த மனைவி பயந்துபோய் ஓரத்தில் இறங்கி நின்றுவிட்டாள். அன்று முழுக்க அவளால் சரியாக ஓட்ட முடியவில்லை. விடிந்ததும் கிளம்பி ஒன்பதரைக்குள் திரும்பிவிட்டால் இதைவிட அழகான பாதை கிடையாது. மூன்று நாளும் அப்படிச் செய்ய முடியாது. தங்கும் செலவும் மூன்றிலும் இங்கேதான் அதிகம்.

இதைத் தொடர்ந்து நான்கு கணவாய்ச் சுற்று என்று ஒன்றைச் சிலர் சொல்வார்கள். ஃபிரான்ஷ்ஹூக் தாண்டி, தீவாட்டர்ஸ்க்ளூஃப் அணையை ஒட்டி, வில்யூன்ஸ் கணவாய் வழியாக கிராபோ போய், சர் லோரிஸ் கணவாயில் இறங்கி ஸ்டெல்லன்போஷ் திரும்புவது. 120 கிலோமீட்டருக்கு மேல் வரும். கடைசி இறக்கம் என்2 நெடுஞ்சாலையில், சரக்கு லாரிகளோடு சேர்ந்து. மைத்துனன் தனியாகக் கேட்டாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

சரி, கிழக்குப் பக்கத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ராபர்ட்சன் கேப் டவுனிலிருந்து 160 கிலோமீட்டர். அங்கிருந்து ஆஷ்டன் வழியாக மான்டகியூ 30 கிலோமீட்டர், நடுவில் கோக்மன்ஸ் க்ளூஃப் என்ற செம்பாறை இடுக்கு. பாறைப்படிவுகள் மடங்கிச் செங்குத்தாக நிற்கும். 1877-இல் தாமஸ் பெயின் பாறையைக் குடைந்து போட்ட சிறிய சுரங்கத்துக்குள் புகுந்து போகலாம். அதன் தலைக்கு மேலே 1899 போயர் போர்க்காலத்து ஆங்கிலேயர் கோட்டை ஒன்று கல்குவியல் போல நிற்கிறது. மான்டகியூவில் வெந்நீர் ஊற்றுக் குளியல் உண்டு. இரண்டு நாள் மிதித்த கால்களுக்கு அதைவிட மருந்து இல்லை. ராபர்ட்சனிலிருந்து தெற்கே 20 கிலோமீட்டரில் மக்கிரிகர். தார்ச்சாலை அந்த ஊரோடு முடிவதால் கடந்துபோகும் வண்டிகளே இல்லை, ஓலைக்கூரை வீடுகள், முழு அமைதி.

நான் கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவன். பந்தலுக்கு அடியில் குனிந்து நடந்து பன்னீர் திராட்சை பறித்து வளர்ந்தவன். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்ற வகை. அதன் தாய்தந்தையரில் ஒன்று மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியா, இங்கே ஹானபூட் என்று வாஞ்சையாக அழைக்கிறார்களே, அதே பழம். அந்த ஹானபூட்டின் பெற்றோரில் ஒன்று, ராபர்ட்சனும் மான்டகியூவும் பேர்போன வெள்ளை மஸ்கடெல். ஆக நம்மூர்ப் பன்னீருக்குப் பாட்டி முறை அங்கே விளைகிறாள். இரண்டு வருடத்துக்கு முன்பு மார்ச் மாதம் அந்தப் பக்கம் ஒரு பண்ணைக் கடையில் ஹானபூட் கொத்து வாங்கி வாயில் போட்டதும் என் பாட்டி வீட்டுத் திண்ணை மணத்தது. குடிக்காதவர்களும் இந்தப் பள்ளத்தாக்கில் திராட்சைச் சுவையை முழுசாக அனுபவிக்கலாம். பழம் உண்டு, உலர்பழம் உண்டு, சாறு உண்டு.

ஆனாலும் இந்த முறை அங்கே போகவில்லை. போக வர 300 கிலோமீட்டருக்கு மேல் கார் பயணம், மூன்று நாளில் ஒன்று அதிலேயே தேய்ந்துவிடும். ஆஷ்டன் சாலையில் பழத்தொழிற்சாலை லாரிகள் ஓடும். பகலில் நிழல் இல்லை. அதோடு நெருஞ்சி. நம்மூர் நெருஞ்சி முள்ளேதான். இங்கே அதை டூவல்கி என்பார்கள். சாலையோர மண்ணில் சக்கரம் ஒரு முறை இறங்கினால் போதும். ஒரே நாளில் எங்களுக்கு ஐந்து பஞ்சர். ஐந்து நாள் கிடைத்தால் மான்டகியூவையே முதலில் சொல்வேன்.

மீதி வடக்கு. இதைப் பற்றி யாரும் அதிகம் பேசாததே எனக்கு வருத்தம்.

வெலிங்டனிலிருந்து பெயின்ஸ் க்ளூஃப் கணவாய்க்கு ஏறும் சாலை 1853-இல் திறந்தது. போட்டவர் ஆண்ட்ரு கெடஸ் பெயின், கோக்மன்ஸ் க்ளூஃபைக் குடைந்த தாமஸின் தந்தை. ஸ்காட்லாந்தில் பிறந்து சேணம் தைக்கும் தொழிலாளியாக வந்தவர், படிக்காமலேயே பாறைகளைப் படித்தவர். தென்னாப்பிரிக்க நிலவியலின் தந்தை என்று அவரைச் சொல்கிறார்கள். வேலை செய்தவர்கள் கைதிகள். வெடிமருந்தும் கடப்பாரையும் கைவேலையும்தான். அவர்கள் அடுக்கிய கற்சுவர்கள் இன்றும் சாலையைத் தாங்குகின்றன, விளிம்பில் நட்ட கற்கள் பல் வரிசை போல நிற்கின்றன. அவற்றைக் கடந்து போகும்போது கைவைத்துப் பார்க்காமல் நான் போனதில்லை.

சைக்கிளுக்கு இந்தச் சாலை ஏன் பொருந்துகிறது என்று யோசித்தால் காரணம் எளிது. மாட்டு வண்டிக்காகப் போட்ட சாலை இது. மாடு இழுக்க முடிந்த சாய்வுக்கு மேல் எங்கேயும் ஏறாது. கணவாயின் உச்சி 595 மீட்டர். வெலிங்டனிலிருந்து கணக்கிட்டால் ஃபிரான்ஷ்ஹூக்கில் ஏறுவதைவிடக் கூடுதல் உயரம்தான் ஏறுகிறோம். ஆனால் அங்கே ஏழு கிலோமீட்டரில் ஏறியதை இங்கே பதினைந்தை ஒட்டிய தூரத்தில் பரப்பி வைத்திருக்கிறார் பெயின். மனைவி மூச்சுவாங்காமல் பேசிக்கொண்டே வரலாம். மைத்துனனுக்கு அது போதாது என்றால் உச்சிக்குப் போய்த் திரும்பி வந்து மறுபடியும் ஏறட்டும்.

அதோடு சாலை குறுகல். ஓரிடத்தில் பாறை சாலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருப்பதால் உயரமான வண்டிகள் போக முடியாது. ஆகவே பெரிய லாரி இல்லை, சுற்றுலாப் பேருந்து இல்லை. எப்போதாவது ஒரு பண்ணைக்காரரின் பக்கி (இங்கே பிக்கப் வண்டிக்கு அதுதான் பெயர்) எதிரே வரும், கையசைத்துவிட்டுப் போகும். உச்சியைத் தாண்டினால் இடதுபக்கம் பாறை, வலதுபக்கம் ஆழத்தில் வெள்ளாறு (விட்டே ஆறு). தேநீர் நிறத் தண்ணீர், வெண்கற்கள். பபூன் குரங்குகள் உண்டு. உட்கார்ந்து சாப்பாட்டுப் பொட்டலத்தைத் திறக்க வேண்டாம், ஜெர்சிப் பையில் வாழைப்பழம் வெளியே தெரியவும் வேண்டாம். இந்த இறக்கத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை: வளைவுகளுக்கு அப்பால் எதுவும் தெரியாது, மழைக்குப் பிறகு சரளைக்கல் விழுந்து கிடக்கும். பிரேக்கில் இரண்டு விரல் எப்போதும் இருக்கட்டும்.

கணவாய் முடிந்து இடப்பக்கம் திரும்பினால் வூல்ஸ்லி, அதற்கு அப்பால் துல்பாக். வெலிங்டனிலிருந்து சுமார் 55 கிலோமீட்டர். மூன்று பக்கமும் மலை சூழ்ந்த, நம்ம கம்பம் போன்ற ஒரு கிண்ணத்துக்குள் இருக்கும் ஊர். 1969 செப்டம்பர் 29 இரவு நிலநடுக்கம் இந்த ஊரைக் குலுக்கியது. ரிக்டர் அளவில் 6.3. சர்ச் தெருவில் நூறு, இருநூறு வருடத்து வீடுகள் சிதைந்தன. பிற்காலத்துத் தகரக் கூரையும் தாழ்வாரமும் பிய்ந்து விழுந்ததில் அடியில் இருந்த பழைய கட்டடம் வெளியே தெரிந்தது. இடித்துத் தள்ளிவிட்டுப் புதிதாகக் கட்டியிருக்கலாம். அப்படிச் செய்யாமல் கவீ ஃபாகன் போன்ற கட்டடக்கலைஞர்கள் பழைய படங்களைப் பார்த்து ஒவ்வொரு வீடாக நிமிர்த்தினார்கள். ஒரே தெருவில் 32 வீடுகள் தேசியச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. தெருவின் பக்கத்திலேயே 1743-இல் கட்டத் தொடங்கிய பழைய தேவாலயம், இப்போது அருங்காட்சியகம். நடந்தே பார்த்து முடிக்கலாம். உட்கார நிழலும் ரோஜாச் செடி வைத்த முற்றங்களும் இருக்கின்றன. எழுபது வயது மாமியாருக்கு மூன்று மணி நேரம் அங்கே போதாது என்றே நினைக்கிறேன்.

குறைகளும் உண்டு. துல்பாக்கில் சைக்கிள் கடையை நம்பிப் போகக்கூடாது. ஆளுக்கு இரண்டு ட்யூப், ஒரு ஒட்டுப்பெட்டி, ஒரு செயின் இணைப்பு, நல்ல பம்பு கையில் இருக்க வேண்டும். ஞாயிறு மதியம் கடைகள் மூடிவிடும். மரக்கறிச் சாப்பாடு என்றால் ஒயின் பண்ணைகளில் ரொட்டியும் சீஸும்தான். எங்களுக்கு அது கவலை இல்லை, புளிச்சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் காரில் வரும். இன்னொன்று, துல்பாக்கிலிருந்து நியூக்ளூஃப் கணவாய், கௌடா வழியாகச் சுற்றி வெலிங்டன் திரும்பினால் முழுச் சுற்று 110 கிலோமீட்டர் வரும். ஆனால் அந்தத் திரும்பும் சாலையில் லாரி உண்டு. சைக்கிளில் திரும்புவதானால் வந்த வழியே திரும்புவதுதான் நல்லது. பெயின்ஸ் க்ளூஃபை இரண்டு பக்கத்திலிருந்தும் ஏறுவது இரண்டு வேறு மலைகளில் ஏறுவது மாதிரி.

மாதத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மூன்று இடத்தையும் அது மாற்றிவிடுகிறது. டிசம்பர், ஜனவரியில் தென்கிழக்குக் காற்று பிடித்துத் தள்ளும். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை அறுவடை, சாலையெங்கும் பழம் ஏற்றிய டிராக்டர். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை, கொடிகள் கவாத்து வெட்டப்பட்டுக் கட்டைகளாக நிற்கும். செப்டம்பரில் பூக்கும், அழகுதான், ஆனால் 2023 செப்டம்பர் விடுமுறையில் அடித்த புயல்மழை மாகாணம் முழுக்கக் கணவாய்ச் சாலைகளை அரித்துத் தின்றது. ஏப்ரல் கடைசியில் காற்று அடங்கிவிடும், இலை சிவந்து மஞ்சளாகும், பகல் கொஞ்சம் குறுகும். காலை எட்டு மணிக்குப் பள்ளத்தாக்கில் பனிமூட்டம் இருக்கும். பின்விளக்கை அணைக்காமல் ஓட்டுங்கள். ஹெல்மெட் இங்கே சட்டப்படியே கட்டாயம். கியரில் முன்னால் 34, பின்னால் 32 பல் இருந்தால் எங்கேயும் இறங்கித் தள்ள வேண்டியிருக்காது.

ஒயின் விஷயத்தில் எங்கள் வீட்டு விதி: சைக்கிள் கொட்டகைக்குப் போன பிறகுதான் கிளாஸ். கார் ஓட்டுபவருக்கு அன்று முழுக்கக் கிடையாது. சட்டம் 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 0.05 கிராம் என்று எல்லை வைத்திருக்கிறது. மலைச்சாலையில் எங்கள் எல்லை பூஜ்யம்.

ஆக துல்பாக்கில் இரண்டு இரவு பதிவு செய்துவிட்டேன். சனிக்கிழமை காலை வெலிங்டனில் இறங்கி நாங்கள் மூவரும் பெயின்ஸ் க்ளூஃப் வழியே சைக்கிளில் துல்பாக். மாமியார் காரில் நியூக்ளூஃப் வழியாக வருகிறார். ஓட்டுவதற்கு இங்கே படிக்கும் மாமா மகளும் உடன் வருகிறாள். ஞாயிறு காலை மைத்துனன் மட்டும் கணவாய் உச்சிவரை போய்வருவான். நானும் மனைவியும் பள்ளத்தாக்கின் பண்ணைச் சாலைகளில் முப்பது நாற்பது கிலோமீட்டர், மதியம் சர்ச் தெரு.

திங்கட்கிழமை ஏப்ரல் 27. அன்றைக்கு மட்டும் ஸ்டெல்லன்போஷ் பக்கம், விடிந்ததும், கார்கள் வருவதற்கு முன். பார்ல் தாண்டி ஃபிரான்ஷ்ஹூக் போகும் சாலையில் ட்ராகென்ஸ்டைன் சிறை இருக்கிறது. விக்டர் வெர்ஸ்டர் என்று அன்று பெயர். 1990 பிப்ரவரி 11-இல் நெல்சன் மண்டேலா நடந்தே வெளியே வந்த வாசல். கை உயர்த்தி நிற்கும் அவர் சிலைக்குப் பக்கத்தில் சைக்கிளை இறக்கி, அங்கிருந்து தோட்டங்களுக்கு நடுவே பதினைந்து கிலோமீட்டரை ஒட்டிய சமசாலையில் பெனியேல்வரை மெதுவாக ஓட்டுவோம். மாமியார் முன்னாலேயே போய் ஊர் முகப்பில் நிற்பார். போன வாரம் போனில் இதைச் சொன்னதும், "பூ ஏதாவது வாங்கிட்டுப் போகணும் மாப்பிள்ளை, கடை திறந்திருக்குமா அன்னைக்கு?" என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமையே வாங்கி வாளித் தண்ணீரில் வைத்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறேன்.